பச்சை என்றால் காடா? உயர வரைபடத்துக்குச் சரியான நிறத்தைத் தேர்வு செய்வது எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள டெத் வேலி, உலகின் மிக வெப்பமான இடங்களில் ஒன்று. அங்குள்ள பேட்வாட்டர் பகுதி கடல் மட்டத்தைவிட 86 மீட்டர் தாழ்வானது. கண்ணுக்கு எட்டியவரை உப்புத் தரைதான்.

ஆனால், 'ஆர்' எனும் புள்ளியியல் மென்பொருளில் இந்தப் பகுதியின் உயர வரைபடத்தை வரைந்து, அதிலேயே இருக்கும் 'டெரெய்ன் கலர்ஸ்' நிறத்தொகுப்பைக் கொடுத்தால், அந்த உப்புத் தரை பச்சைப் பசேலென்று தெரியும்.

தரவில் தவறில்லை. தாழ்வான இடம் பச்சை, உயரமான இடம் வெளிர் நிறம் என்பதுதான் அந்தத் தொகுப்பின் கணக்கு. பார்ப்பவரோ பச்சையைக் காடு என்றும், வெண்மையைப் பனி என்றும் எடுத்துக்கொள்கிறார்.

வானவில் நிறங்களில் என்ன சிக்கல்?

'ஆர்' மென்பொருளுடன் 'வால்கேனோ' என்ற மாதிரித் தரவும் வருகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள மவுண்ட் ஈடன் எரிமலையின் உயரங்கள் அதில் உள்ளன. 'ஆர்' மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராஸ் இஹாகா, நிலவரைபடம் ஒன்றிலிருந்து எடுத்த தரவு இது. குறைந்தபட்ச உயரம் 94 மீட்டர், அதிகபட்சம் 195 மீட்டர்.

இதற்கு 'ரெயின்போ' தொகுப்பைக் கொடுத்தால், நிறம் சிவப்பில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம் என்று சுற்றி, மறுபடியும் சிவப்பை ஒட்டியே வந்து நிற்கும். அதாவது, அடிவாரமும் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே நிறம்!

இன்னொரு சிக்கலும் உண்டு. சீரான சரிவில்கூட மஞ்சள் மட்டும் பளிச்சென்று ஒரு வளையமாகத் தெரியும். அங்கே ஏதோ விளிம்பு இருப்பதாகக் கண் நம்பிவிடும். நிலத்தில் அப்படி எதுவும் இருக்காது.

சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு உள்ளது.

அப்போ எதைத் தேர்வு செய்யலாம்?

உயரம் கூடக்கூட வெளிச்சமும் ஒரே சீராகக் கூட வேண்டும். அவ்வளவுதான் விதி. 'விரிடிஸ்' தொகுப்பு அப்படிப்பட்டது. அடர் ஊதாவில் தொடங்கி, நீலப்பச்சை வழியாக மஞ்சளில் முடியும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் மேடு பள்ளம் புரியும்.

2019-ல் வெளியான 'ஆர்' 3.6 பதிப்பிலிருந்து, தனி பேக்கேஜ் எதுவும் இல்லாமலே 'ஹெச்சிஎல் கலர்ஸ்' கட்டளை மூலம் இதைப் பெறலாம்.

கடல் மட்டத்துக்குக் கீழும் நிலம் இருந்தால்?

அப்போது பூஜ்ஜியத்தின் இருபுறமும் வெவ்வேறு நிறமாகப் பிரியும் தொகுப்பு உதவும். ஆனால் நடுநிறம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

டெத் வேலி தேசியப் பூங்காவின் உயரமான சிகரம் 3,366 மீட்டர். மென்பொருள் தானாக நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் அது 1,640 மீட்டரில் விழும். கடல் மட்டத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவும் 'தாழ்வான' நிறத்தில் வந்துவிடும். எனவே நடுப்புள்ளியைப் பூஜ்ஜியம் என்று நாமே கொடுத்துவிட வேண்டும்.

வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

* இரண்டு வரைபடங்களை ஒப்பிடும்போது, இரண்டுக்கும் ஒரே குறைந்தபட்ச, அதிகபட்ச உயரத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே நிறம் இரண்டிலும் வேறுவேறு உயரத்தைக் குறிக்கும்.

* எந்த நிறம் எத்தனை மீட்டர் என்ற விளக்கப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

* வெளியிடும் முன் படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். அப்போதும் மலை மலையாகத் தெரிந்தால், நிறத் தேர்வு சரி.