ஒரு பெயரின் விலை

உலகில் சில பெயர்கள் ஒரு பொருளைக் குறிக்கும் நிலையைக் கடந்து, தரத்தைக் குறிக்கும் சொற்களாகவே மாறிவிடுகின்றன. ஒரு கடிகாரத்தையோ தையல் இயந்திரத்தையோ உயர்த்திப் பேச விரும்பும் ஒருவர், "இது கடிகாரங்களில் ரோல்ஸ் ராய்ஸ்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அந்தக் காரில் ஏறி அமர்ந்தவர் நம்முள் எத்தனை பேர்? கண்ணால் கண்டவர்களே சிலராகத்தான் இருப்பர். ஆயினும் அப்பெயரின் பொருள் எல்லோருக்கும் விளங்குகிறது.

ஒரு பெயர் இத்தகைய மதிப்பை எவ்வாறு ஈட்டுகிறது? ஈட்டிய மதிப்பு யாருக்குச் சொந்தம்? இவ்விரு வினாக்களையும் முன்வைத்தே அந்த வண்டியின் வரலாற்றை நாம் ஈண்டு நோக்குகிறோம். இவை செல்வந்தரின் ஆடம்பரத்தைப் பற்றிய வினாக்கள் அல்ல. தொழிலும் வாணிகமும் செய்து வாழும் எந்தக் குடும்பமும் கேட்டுக்கொள்ள வேண்டியவை.

ஹென்றி ராய்ஸ் 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகிலுள்ள ஆல்வால்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை நடத்தி நொடித்துப்போனவர். ராய்ஸுக்கு ஒன்பது வயதானபோது அவரும் மறைந்தார். பத்திரிகை விற்றும், தந்தி கொண்டு கொடுத்தும் வயிறு கழுவிய அச்சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்தது. அத்தை ஒருவரின் பண உதவியால் ரயில்வே தொழிற்சாலையில் தொழில் பயிலச் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் அந்தப் பணமும் தீர்ந்துவிடவே, பயிற்சி பாதியில் நின்றது. 1884இல், தம் சேமிப்பான 20 பவுனை முதலாக இட்டு, நண்பர் கிளேர்மாண்ட் என்பாருடன் கூட்டுச் சேர்ந்து மான்செஸ்டரில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். மின்சாரச் சாமான்களில் ஆரம்பித்து, மின்னாக்கி, மின்சாரத்தால் இயங்கும் பளுதூக்கி என்று அப்பட்டறை வளர்ந்தது.

நாற்பதை எட்டும் வயதில் ராய்ஸ் பிரெஞ்சு நாட்டுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் இரைச்சலும் அதிர்வும் அவருக்குப் பொறுக்கவில்லை. பிறர் அதைச் சகித்துக்கொண்டு ஓட்டியிருப்பர், இல்லையேல் விற்றிருப்பர். அவரோ அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, குறைகளைக் களைந்து, தாமே ஒரு காரைச் செய்யத் துணிந்தார். 1904ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அவருடைய முதல் கார் பட்டறையிலிருந்து வெளிவந்தது. மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்தவர் ராய்ஸ் அல்லர். பிறர் கண்டுபிடித்த ஒன்றைப் பிறர் செய்யாத கவனத்துடன் செய்தவர் அவர்.

சார்லஸ் ரோல்ஸ் இதற்கு நேர்மாறான வாழ்வினர். 1877இல் பிரபு குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, லண்டனில் வெளிநாட்டுக் கார்களை வரவழைத்து விற்றுவந்தவர். இங்கிலாந்திலேயே செய்த நல்ல கார் ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. இருவரையும் அறிந்த ஹென்றி எட்மண்ட்ஸ் என்பவரின் முயற்சியால், 1904 மே 4ஆம் நாள் மான்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் அவ்விருவரும் சந்தித்தனர். ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் ரோல்ஸ் விற்பது, இருவர் பெயரும் அவற்றில் இடம்பெறுவது என உடன்பாடு கண்டனர். 1906 மார்ச்சில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முறைப்படி நிறுவப்பெற்றது.

இப்பெயரில் இடம்பெறாத மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் கிளாட் ஜான்சன். நிர்வாகமும் விளம்பரமும் அவர் கையில் இருந்தன. ரோல்ஸ், ராய்ஸ் என்னும் இரு பெயர்களுக்கும் இடையிலுள்ள இணைப்புக் கோடு அவரே என்று அக்காலத்தார் அவரைக் குறிப்பிட்டனர். அவர் திட்டமிட்ட ஒரு சோதனையே இக்காரின் புகழுக்கு அடித்தளமாயிற்று.

1907இல், வெள்ளி வண்ணம் தீட்டப்பெற்ற ஆறு சிலிண்டர் கார் ஒன்றுக்கு "சில்வர் கோஸ்ட்" என்று ஜான்சன் பெயரிட்டார். வெள்ளி ஆவி என்பது அதன் பொருள். ஓடும்போது ஓசை எழாத தன்மையை அப்பெயர் சுட்டியது. 15,000 மைல் தூரம் அதை ஓட்டிக் காட்டுவதென முடிவாயிற்று. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, இரவு பகலாக அது ஓடியது. சிறப்பு யாதெனில், கம்பெனியார் தம் சொந்தச் சாட்சியத்தை நம்பச் சொல்லவில்லை. அரச மோட்டார் கழகத்தின் பார்வையாளர்கள் உடனிருந்து அனைத்தையும் குறித்துவந்தனர்.

629 மைல் ஓடிய நிலையில், அதிர்வினால் பெட்ரோல் குழாயின் திருகு தானே மூடிக்கொள்ள, கார் நின்றுவிட்டது. திருகைத் திறந்துவிடுவது சிறு வேலை. ஆயினும் அந்தத் தடையும் பதிவாயிற்று. அதன்பின் எஞ்சிய 14,371 மைல்களையும் தன்னையறியாது ஓரிடத்தும் நில்லாமல் அது கடந்தது. அந்நாளைய சாலைகளின் நிலையையும், சில மைல்களுக்கு ஒருமுறை நின்று பழுது பார்த்துச் செல்வதே வழக்கமாயிருந்த அக்காலக் கார்களின் நிலையையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

தானியம் விற்ற வணிகர் ஒருவரின் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். சரக்கின் குறையை மறைக்காமல் வைப்பது வாணிகத்தின் முதல் ஒழுக்கம். 14,371 மைல் ஓடியது என்ற செய்தியை உலகம் நம்பியதற்கு, 629ஆம் மைலில் நின்றது என்ற குறிப்பும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

புகழ் வந்த வேகத்தில் துயரமும் வந்தது. 1910 ஜூலை 12ஆம் நாள், பர்ன்மவுத் நகரில் ரோல்ஸ் ஓட்டிய விமானத்தின் வால்பகுதி முறிந்து, தமது 32ஆம் வயதில் அவர் மாண்டார். விமான விபத்தில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷார் அவரே. அடுத்த ஆண்டு ராய்ஸ் கடும் நோயுற்றார். அதன்பின் 1933இல் மறையும்வரை, தொழிற்சாலையை விட்டுத் தொலைவிலிருந்தே அவர் வரைபடங்களை ஆக்கி அனுப்பிவந்தார். பெயருக்குரிய இருவரும் தொழிற்சாலையில் இல்லாத அக்காலத்திலும் காரின் தரம் குன்றவில்லை. டார்பி நகரத் தொழிலாளர் பல்லாயிரவரின் கைத்திறன் அப்பெயரைத் தாங்கி நின்றது. அவர்களில் எவர் பெயரும் காரில் பொறிக்கப்படவில்லை.

நற்பொருள் நற்பணிக்கே பயன்படும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. முதல் உலகப் போரில் இக்காரின் அடிச்சட்டத்தின்மேல் இரும்புத் தகடு போர்த்திக் கவச வண்டிகள் செய்தனர். 1917-1918ஆம் ஆண்டுகளில் அவை ஹிஜாஸ் பாலைவனத்துக்கும் சென்றன. டமாஸ்கஸிலிருந்து மதீனா முனவ்வராவரை ஹாஜிகள் செல்வதற்காக சுல்தான் அப்துல் ஹமீது அமைத்த ரயில் பாதை, 1900இல் தொடங்கி 1908இல் மதீனாவை எட்டியிருந்தது. இந்திய முஸ்லிம்கள் உள்ளிட்ட உலக முஸ்லிம்களின் நன்கொடை அதில் கலந்திருந்தது. அப்பாதையின் பாலங்களையும் தண்டவாளங்களையும் தகர்க்கும் பணியில் லாரன்ஸும் அவருடைய கூட்டத்தாரும் ஈடுபட்டபோது, அவர்களைச் சுமந்து சென்றவற்றுள் ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளும் இருந்தன. பாலை மணலிலும் பழுதாகாத வண்டி என்ற புகழ் அதற்குக் கிடைத்தது. ஏழை எளியவரின் காசில் எழுந்த அந்தப் பாதையோ பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இக்காரின் பெருமையைப் பேசும் நூல்கள் முதற்செய்தியை விரித்துரைக்கின்றன. இரண்டாவதை நாமாவது நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சமஸ்தானாதிபதிகள் இக்காரை விரும்பி வாங்கினர். ஹைதராபாத் நிஜாம் மீர் மஹபூப் அலீ கான் 1911இல் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி எஞ்சினையும் அடிச்சட்டத்தையுமே செய்துதரும். மேற்கூட்டை வேறு நிறுவனத்தார் கட்டுவர். நிஜாமின் காருக்கு லண்டனின் பார்க்கர் கம்பெனியார் மஞ்சள் வண்ணத்தில், அரியணை போன்ற உயர்ந்த இருக்கையுடன் கூடு கட்டினர். ஆனால் அதில் அமர அவர் இருக்கவில்லை. 1911 ஆகஸ்டிலேயே காலமானார். அவருக்குப்பின் பட்டமேறிய மீர் உஸ்மான் அலீ கான் அதை மிக அரிதாகவே பயன்படுத்தினார். உலகின் பெருஞ்செல்வராகக் கருதப்பட்டும் எளிய உடையும் சிக்கனமும் கொண்டு வாழ்ந்த அவர், 1918இல் நிறுவிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தாலேயே இன்றும் நினைக்கப்படுகிறார். அந்தக் கார் சவுமஹல்லா அரண்மனையில் காட்சிப் பொருளாகிவிட்டது.

இந்திய மன்னர்களையும் இக்காரையும் இணைத்து ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. லண்டன் கடையில் எளிய உடையுடன் நுழைந்த மன்னர் ஒருவரை விற்பனையாளர் அவமதித்தாராம். வெகுண்ட மன்னர் பல கார்களை ஒருங்கே வாங்கி, ஊர் திரும்பி, அவற்றைக் குப்பை அள்ளப் பயன்படுத்தினாராம். கம்பெனியார் மன்னிப்புக் கேட்டனராம். கேட்பதற்கு இன்பமான கதை. அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் மனப்புண்ணுக்கு அது மருந்தாகவும் இருந்திருக்கும்.

ஆனால் அந்த மன்னர் யார்? அல்வார் மன்னர் ஜெய்சிங் என்பார் சிலர். பரத்பூர் மன்னர் என்பார் வேறு சிலர். ஹைதராபாத் நிஜாம் என்பாரும் உளர். ஆண்டு கேட்டால் ஆளுக்கொன்று சொல்வர். நேரில் கண்டவர் எழுதிய குறிப்போ, கம்பெனியாரின் மன்னிப்புக் கடிதமோ எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. ஹதீஸ் கலை வல்ல நம் முன்னோர், ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அதன் இனிமையில் மயங்கிவிடவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சமகாலத்தவரா, அறிவிப்பாளர் நம்பத்தக்கவரா என்று வரிசையாக வினவினர். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், குப்பைவண்டிக் கதையை வரலாறு என்று ஏற்க இடமில்லை. நமக்குப் பெருமை தரும் கதை என்பதற்காக அளவுகோலைத் தளர்த்துவது நேர்மையாகாது.

இப்பெயரின் வரலாற்றில் வியப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. கம்பெனி காரோடு நிற்காமல் விமான எஞ்சின்களிலும் பெயர் பெற்றிருந்தது. 1968இல் அமெரிக்காவின் லாக்ஹீட் விமானத்துக்காக ஆர்.பி.211 என்னும் புதிய எஞ்சினைச் செய்துதர ஒப்பந்தம் ஏற்றது. செலவு கணக்கை மீறியது. 1971 பிப்ரவரி 4ஆம் நாள் கம்பெனி திவாலாயிற்று. பிரிட்டிஷ் அரசு எஞ்சின் தொழிலை ஏற்று நடத்தியது. கார் பிரிவு 1973இல் தனியே பிரிக்கப்பட்டு, 1980இல் விக்கர்ஸ் கம்பெனியிடம் சேர்ந்தது.

1998இல் விக்கர்ஸ் அதை விற்க முன்வந்தபோது ஜெர்மானியக் கம்பெனிகள் இரண்டு போட்டியிட்டன. ஃபோக்ஸ்வேகன் 430 மில்லியன் பவுன் கொடுத்து வென்றது. குரூ நகரிலிருந்த தொழிற்சாலை, இயந்திரங்கள், தொழிலாளர், காரின் முகப்புத் தோற்றம், அதன்மேல் நிற்கும் சிறகு விரித்த பாவைச் சின்னம் ஆகியவை அதன் கைக்கு வந்தன. வராதது ஒன்றே: பெயர். ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரின் உரிமை விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை மற்றப் போட்டியாளரான பி.எம்.டபிள்யூவுக்கு 40 மில்லியன் பவுனுக்கு அளித்துவிட்டனர். ஒருவரிடம் ஆலை இருந்தது, பெயர் இல்லை. மற்றவரிடம் பெயர் இருந்தது; ஆலை இல்லை.

இறுதியில் சமரசம் ஏற்பட்டது. 2002ஆம் ஆண்டு முடியும்வரை ஃபோக்ஸ்வேகன் அப்பெயரைப் பயன்படுத்துவது, அதன்பின் பென்ட்லி கார்களை மட்டும் குரூவில் செய்வது என முடிவாயிற்று. 2003 ஜனவரி முதல், குட்வுட் என்னுமிடத்தில் புதிதாகக் கட்டிய ஆலையில் பி.எம்.டபிள்யூ ரோல்ஸ் ராய்ஸ் கார்களைச் செய்யத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அக்கார்களைச் செய்துவந்த கைகள் ஓரிடத்தில் தங்கிவிட, பெயர் மட்டும் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தது.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? பெயரை விற்கலாம், வாங்கலாம், வழக்காடிப் பெறலாம். பெயர் குறித்த நம்பிக்கையை அவ்வாறு கைமாற்ற இயலாது. அதைப் பெற்றவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து உழைத்தே காத்தல் வேண்டும். குட்வுட்டில் புதிய ஆலை தொடங்கியோரும் அப்பெயருக்குத் தகுந்த காரைச் செய்து காட்டிய பின்னரே அப்பெயர் அவர்களுடையதாயிற்று. அந்த வகையில் புகழ் என்பது சொத்தன்று, அமானத். முன்னோர் ஒப்படைத்துச் சென்ற அடைக்கலப் பொருள்.

தந்தையின் பெயரையோ பாட்டனாரின் பெயரையோ பலகையில் தாங்கித் தொழில் நடத்தும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அப்பலகை மக்களுக்குக் கிடைத்துவிடும். அதன்மீது வாடிக்கையாளர் வைத்த நம்பிக்கை தானே கிடைத்துவிடாது. அதைக் காக்க 20 பவுன் முதலுடன் தொடங்கிய அந்த மனிதரின் கவனமும், 629ஆம் மைலில் நின்றதையும் எழுதிவைத்த நேர்மையும் போதும். அவற்றை வாங்க எவருக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.