அட்டாலியில் கிடந்த தகர லாரி

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்குப் போயிருந்தபோது, பக்கத்து ஊரில் இருக்கும் அம்மிச்சி வீட்டு அட்டாலியைச் சுத்தம் செய்தோம். பழைய முறம், ஓட்டை அண்டா இவற்றுக்கு அடியில் முக்கால் முழ நீளத்தில் ஒரு தகர லாரி. சக்கரம் நாலும் ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டியவை. அச்சு குடைக்கம்பி. முன்விளக்குக்கு இரண்டு சோடா மூடி. துடைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத் தகரத்தில் மங்கலாக ஒரு படம்: இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன.

மாமாவிடம் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "மாப்ள, இது நான் நாலாவது படிக்கறப்ப செஞ்சது. பள்ளிக்கூடத்துல சோறாக்குற எண்ணெ டின்னு. ஆயாகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி வாங்குனேன்" என்றார். மாமா நாலாவது படித்தது 1968 வாக்கில்.

அந்தக் கைகுலுக்கல் படம் அமெரிக்க அரசின் உதவிப் பொருட்களில் அச்சிடப்பட்ட முத்திரை. காமராசர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடர், கோதுமை ரவை, சமையல் எண்ணெய் எல்லாம் கொடுத்துவந்தது. எண்ணெய் சோற்றோடு போயிற்று. டின் அந்தியூர்ப் பக்கத்தில் ஒரு பையனின் கையில் லாரி ஆயிற்று. அமெரிக்க விவசாயியின் உபரி விளைச்சலும் கொங்குநாட்டுப் பையனின் லாரி ஆசையும் ஒரே தகரத்தில்! அன்றிலிருந்துதான் காலி டப்பா பொம்மைகளைப் பற்றிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு வீட்டுக்குள் வெளியுலகம் எப்போது, எந்த வழியாக வந்தது என்று தெரியவேண்டுமானால், அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்த டப்பாவில் வண்டி செய்தார்கள் என்று கேட்டாலே போதும்.

சீமையிலிருந்து வந்த தகரம்

பனங்காய் வண்டி, நுங்கு வண்டி, சோளத்தட்டில் செய்த மாட்டுவண்டி எல்லாம் மண்ணிலேயே விளைந்த பொம்மைகள். தகரம் அப்படியில்லை. மண்ணெண்ணெயைச் 'சீமெண்ணெய்' என்கிறோமே, சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க எண்ணெயும் ருஷ்ய எண்ணெயும், பிறகு பர்மா எண்ணெயும் வந்தன. ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும் சதுரத் தகர டின்களில் அது கிராமம்வரை போயிற்று.

தகரம் என்று நாம் சொல்வது மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியது. அந்தக் காலத்தில் அதில் பெரும்பகுதி இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் அந்த வரத்துக்குச் சிக்கல் வந்தது. எண்ணெய் இருந்தாலும் டின் இல்லாவிட்டால் எப்படி விற்பது? அதனால் 1920இல் பர்மா ஆயில் கம்பெனியும் டாடாவும் சேர்ந்து ஜாம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் கோல்முரியில் தகரத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். 1922 கடைசியில் அங்கே உற்பத்தி தொடங்கியது. சீமெண்ணெய் டின்னுக்காகவே ஒரு ஆலை!

டின் காலியானதும் அதன் இரண்டாவது வாழ்க்கை ஆரம்பிக்கும். மேலே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. விரித்துவிட்டால் கூரைக்குத் தகடு. சின்னத் துண்டில் திரி போட்டால் சிமினி விளக்கு. பெரியவர்கள் எடுத்தது போக மிஞ்சிய துண்டுதான் பிள்ளைகளுக்கு. அதனால் பெரிய டின்னில் முழு வண்டி செய்த பையன் ஊரில் பெரிய ஆள்.

எப்படிச் செய்தார்கள்

மாமா சொன்னதைக் கேட்டால், இதில் விளையாட்டைவிட வேலை அதிகம். டின்னை வெட்டக் கத்தரி கிடையாது. பழைய அரிவாளை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பிளக்க வேண்டும். வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் கையைக் கிழித்துவிடும். அரை விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடித்துத் தட்ட வேண்டும். மடிப்பு விழுந்தால் ஓரம் மழுங்கும், தகடும் விறைப்பாகும். தகர வேலைக்காரர்கள் பெட்டி செய்யும்போது செய்வதும் இதேதான்.

பால்பவுடர் டப்பாவில் வேறு வேலை. மூடியிலும் அடியிலும் நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே மண்ணை நிரப்பி, கம்பியைக் கோத்து, கயிறு கட்டி இழுத்தால் ரோடு ரோலர். செருப்புப் பாலீஷ் டப்பாவும் மூடியும் தராசுத் தட்டுகள். எனக்குப் பிடித்தது 'திரும்பி வர்ற டப்பா'. சைக்கிள் ட்யூபில் வெட்டிய பட்டையை டப்பாவுக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிட வேண்டும். உருட்டினால் டப்பா சுற்றும், நட்டு கனத்தால் சுற்றாமல் தொங்கும். பட்டை முறுக்கேறும். டப்பா நின்றதும் முறுக்கு அவிழ்ந்து, விட்ட இடத்துக்கே திரும்பி வரும். சின்னப் பிள்ளைகள் பேய் டப்பா என்று ஓடுமாம்.

இதெல்லாம் பையன்கள் கதை. அம்மாவிடம் கேட்டதும் வேறு கதை வந்தது. "எங்களுக்கு டப்பா கெடச்சா அடுப்புதான். ஒரு பக்கம் வாய் வெட்டி, மேல கொட்டாங்குச்சிய வெச்சுக் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். லாரியெல்லாம் உங்க மாமன் தொடவே உடமாட்டான்." ஒரே டப்பா பையன் கையில் லாரி, பிள்ளை கையில் அடுப்பு. இதுவும் வரலாறுதான்.

கியோட்டோவில் ஒரு ஜீப்

மாமாவின் லாரிக்கு ஜப்பானில் ஒரு அண்ணன் இருக்கிறான். 1945இல் போரில் தோற்று ஜப்பான் சாம்பலாகக் கிடந்தபோது, கொசுகே மாட்சுசோ என்ற பொம்மைத் தொழிலாளி அமெரிக்கப் படை வீசிய காலி டின்களை எடுத்து, அதே படையின் ஜீப்பைப் பொம்மையாகச் செய்தார். அந்த டிசம்பரில் கியோட்டோ கடையில் பத்து யென்னுக்கு விற்பனைக்கு வந்து சட்டென்று விற்றுத் தீர்ந்தது. பிறகு உலகத்துக்கே தகர பொம்மை விற்ற ஜப்பானியத் தொழில் போருக்குப்பின் எழுந்த கதையை அந்த ஜீப்பிலிருந்துதான் சொல்வார்கள்.

அந்த ஜீப் வரலாற்றில் ஏறிவிட்டது. நம்முடையது ஏறவில்லை. காரணம் எளிது. அது விற்கப்படவில்லை, அதற்கு விலை இல்லை. இரண்டாவது காரணம் பேரீச்சம்பழம்! பழைய இரும்பு, தகரம் எடுக்க வருகிறவர் எடைக்கு எடை பேரீச்சம்பழம் கொடுப்பார். லாரியா பழமா என்று வந்தால் எத்தனை பிள்ளைகள் லாரியைத் தேர்ந்தெடுக்கும்? ஊரில் இருந்த நூறு வண்டியில் தொண்ணூற்றொன்பதைத் தின்று தீர்த்துவிட்டார்கள்.

ஏக்கம் மட்டும் போதாது

'அந்தக் காலம் பொற்காலம்' என்று எழுத எனக்கு மனமில்லை. நோம்பிக் கடையில் பொம்மை வாங்கக் காசில்லாததால்தான் இந்த வண்டிகள் பிறந்தன. ஆபத்தும் இருந்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் தோட்டத்துக்கு வந்த பூச்சிமருந்து டின்களையும் கழுவி விளையாடியிருக்கிறார்கள். சிலர் வீட்டில் தண்ணீர்கூட மொண்டிருக்கிறார்கள். எண்டிரின் போன்ற மருந்துகள் எத்தனை கொடியவை என்று பின்னால்தான் ஊருக்குப் புரிந்தது. இன்று டப்பாவில் ஏதாவது செய்பவர்களுக்குச் சொல்வது: உணவு வந்த டப்பாவை மட்டும் எடுங்கள், ஓரத்தை மடியுங்கள்.

இப்போது எண்ணெய் பாக்கெட்டில் வருகிறது, சீமெண்ணெய் அடுப்பின் இடத்தை கேஸ் எடுத்துக்கொண்டது. டப்பாவே அரிது. ஆனால் அந்த அறிவு வீணில்லை என்று நிரூபித்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர், 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்து, குப்பையில் கிடைப்பவற்றைக் கொண்டே பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வகுப்பறைக்குக் கொண்டுபோன வகை வித்தையை எங்க மாமா காரணம் தெரியாமலே திண்ணையில் செய்திருக்கிறார்.

லாரியை மறுபடி அட்டாலியில் போடவில்லை. துருவைத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒரு சீட்டில் ஊர், ஆண்டு, செய்தவர், டின் வந்த வழி எல்லாம் எழுதி அடியில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "சின்ன வயசுல எந்த டப்பாவுல வண்டி செஞ்சீங்க?" பதிலை எழுதி வையுங்கள். பேரீச்சம்பழக்காரர் அதை எடைக்கு எடுக்க முடியாது.