சரிவில் திறந்த கதவு: டோனி ஸ்டோனும் நீக்ரோ லீக்கின் கடைசி ஆண்டுகளும்

1953-இல், கறுப்பினத்தவருக்கான பேஸ்பால் போட்டியமைப்பான நீக்ரோ லீக்கில், இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியின் இரண்டாம் பேஸில் ஆடிய டோனி ஸ்டோன் பற்றிய எழுத்துகள் இரு கட்சிகளாக நிற்கின்றன. கூட்டம் சேர்க்கக் கொண்டுவந்த வேடிக்கை என்பது ஒன்று; திறமையால் தடையுடைத்த வீராங்கனை என்பது மற்றது. அணி உரிமையாளரின் இலாப நோக்கம் உண்மையானால் ஆட்டக்காரரின் தகுதி பொய்யாகிவிடும் என்றே இரு தரப்பும் கருதுகின்றன. அந்த அனுமானமே தவறு என்பது என் வாதம்.

1947-இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன், அதுவரை வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த மேஜர் லீக்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்ந்ததும் கறுப்பின ரசிகர்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. 1948 பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது. 1952-இல் கிளவுன்ஸுக்கு ஆடிய பதினெட்டு வயது ஹாங்க் ஆரனைப் பாஸ்டன் பிரேவ்ஸ் விலைக்கு வாங்கிக்கொண்டது. நல்ல ஆட்டக்காரர்கள் போக, மிஞ்சிய அணிகள் நுழைவுச்சீட்டுப் பணத்தை நம்பியே பிழைத்தன. உரிமையாளர் சிட் பொல்லக் ஸ்டோனை ஒப்பந்தம் செய்ததில் வியாபாரக் கணக்கு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

அதே கணக்கு வெள்ளையர் ஆட்டத்திலும் இருந்தது. 1952 ஜூனில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அணி எலினார் எங்கிளை ஒப்பந்தம் செய்தது. சிறு லீக்குகளின் தலைவர் ஜார்ஜ் டிராட்மன் அதை உடனே செல்லாததாக்கி, இனிப் பெண்களோடு ஒப்பந்தமே கூடாது என்று தடைவிதித்தார். எங்கிள் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்டோனுக்கு அப்படியொரு தடை குறுக்கே வரவில்லை.

ஆசைப்பட்டு நிறுத்தினால் மட்டும் இரண்டாம் பேஸில் நிற்க முடியாது. இரட்டை அவுட் எடுக்கும்போது, எறிந்த பந்தைப் பிடித்து, பேஸை மிதித்து, உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும்; அதற்குள் எதிரணிக்காரர் ஆணி பதித்த காலணியோடு காலை நோக்கிச் சறுக்கி வருவார். ஸ்டோன் அங்கே நின்றார். அவ்வாண்டு 50 ஆட்டங்களில் மட்டைச் சராசரி .243 என்பது பொதுவாகச் சுட்டப்படும் கணக்கு. சிறப்பான சராசரி என்று சொல்ல முடியாது, கேலிக்குரியதும் இல்லை. பல ஆட்டங்களில் தொடக்க இன்னிங்ஸ்களோடு அவரை வெளியே எடுத்துவிட்டதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். (பெயர்பெற்ற பிட்சர் சாட்செல் பெய்ஜின் பந்தை அடித்ததாக அவர் சொன்ன கதையை நான் சான்றாகக் கொள்ளவில்லை, இல்லாமலேயே வாதம் நிற்கிறது.) பாவாடை அணிந்து ஆடச் சொன்னபோது மறுத்தார். விளம்பரத்துக்கு இசைந்தவர், எதுவரை இசைவது என்பதைத் தாமே வகுத்துக்கொண்டார்.

1954-இல் ஸ்டோன் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்குப் போனார். வாய்ப்புக் குறைந்தது, அப்பருவத்தோடு விலகினார். கிளவுன்ஸில் இரண்டாம் பேஸுக்குக் கோனி மார்கனும், பந்தெறிய மேமி ஜான்சனும் இருந்தனர். பந்தெறியும் பிட்சர் விஷயத்தில் வேடிக்கை வாதம் இன்னும் வலுவிழக்கிறது: ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தும் அவர் கையிலிருந்தே புறப்படுகிறது. வெள்ளைப் பெண்களுக்கான தொழில்முறை லீக்கில் ஆடிப்பார்க்கச் சென்று, நிறத்தால் மறுக்கப்பட்டவர் ஜான்சன்.

2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளுக்கு மேஜர் தகுதி வழங்கியது. 1948-க்குப் பின் தரம் தாழ்ந்தது என்ற அளவுகோலில் அந்த வரம்பு நியாயமானதே. ஆனால் எந்தச் சரிவு பெண்களுக்கு இடம்விட்டதோ, அந்தச் சரிவையே காட்டி அவர்களின் ஆட்டத்தைக் கணக்குக்கு வெளியே வைக்கிறது அந்த வரம்பு. அதே விடுபடல் கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் புகழ் மண்டபத்திலும் தெரிகிறது: அங்கு இடம்பெற்ற ஒரே பெண் எஃபா மேன்லி. 2006-இல் தேர்வான அவர் ஆட்டக்காரர் அல்லர். 1948 வரை நூவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய உரிமையாளர்.