தீர்ப்புக்குப் பிறகும் ஒரு கதவு

கோவலனைத் தீர விசாரியாமல் கொன்ற பாண்டியன், கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் சபையிலேயே தன் பிழையை ஏற்றுக்கொண்டான் என்று சிலப்பதிகாரத்தில் படித்தோம். இந்தக் காலத்து அரசுகள் அவ்வளவு இலகுவில் பிழையை ஒப்புக்கொள்வதில்லை. தீர்ப்பு எழுதிய கையே அதைத் திருத்துமா? நாம் குடியிருக்கும் பிரித்தானியாவில் இந்தக் கேள்விக்கு விடை காண எத்தனை வருடம் போனது என்பதை எங்கட சனமும் அறிந்திருக்க வேண்டும்.

1974 நவம்பர் 21ஆம் திகதி பேர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுச்சாலைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. பெயரைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு திக்கென்கும். 1979இல் இலங்கை கொண்டுவந்த சட்டத்துக்கும் இதே பெயர்தான். அங்கே அந்தத் 'தற்காலிகம்' 1982இல் நிரந்தரமானது. பொலிஸ் எழுதி எடுத்த வாக்குமூலத்தால் எங்கட பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேர்மிங்ஹாமிலும் வாக்குமூலம்தான் வினையாயிற்று. பிடிபட்ட ஆறு ஐரிஷ்காரரில் நால்வர் கையெழுத்து வைத்தனர். அடித்து வாங்கியது என்று கோட்டில் சொன்னார்கள், எடுபடவில்லை. 1975இல் ஆயுள் தண்டனை. பொலிஸார் மீது அவர்கள் போட்ட வழக்கை 1980இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. டெனிங் பிரபு சொன்ன காரணம் இதுதான்: இவர்கள் வென்றால் பொலிஸார் அடித்தார்கள், பொய்ச்சாட்சி சொன்னார்கள் என்றாகிவிடும், அப்படியொரு பயங்கரத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது, ஆகவே வழக்கு மேலே போகக்கூடாது. அரசுக்கு வெட்கம் வராமலிருக்க அப்பாவிகள் உள்ளே கிடக்கட்டும் என்பதைத் தவிர இதற்கு என்ன கருத்து?

மேன்முறையீடும் தோற்றவருக்கு அந்நாளில் மிஞ்சிய வழி உள்துறை அமைச்சுக்கு மனுப் போடுவதுதான். அமைச்சர் மனம் வைத்தால் வழக்கை மறுபடி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். பொலிஸுக்குப் பொறுப்பான அமைச்சரே பொலிஸ் விட்ட பிழையையும் தேட வேண்டும்! கில்ட்போர்ட் நால்வர் 1989இல் வெளியே வந்தனர். அவர்களில் ஒருவரின் தகப்பனார் கியூசெப்பே கொன்லன், அதோடு சேர்ந்த இன்னொரு வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்டு, 1980இலேயே கைதியாக இறந்துபோனார்.

பேர்மிங்ஹாம் அறுவர் 1991 மார்ச் 14இல் விடுதலையாயினர். அன்றே அரசு ஓர் அரச ஆணைக்குழுவை அறிவித்தது. ரன்சிமன் பிரபு தலைமையிலான அக்குழு, இந்த வேலையை அமைச்சரிடமிருந்து எடுத்துச் சுயாதீனமான ஒரு சபையிடம் கொடுக்கவேண்டும் என்று 1993இல் சொன்னது. 1995இல் சட்டம் வந்தது. 1997இல் குற்ற வழக்குகள் மீளாய்வு ஆணைக்குழு வேலை தொடங்கியது, அதுவும் அதே பேர்மிங்ஹாம் நகரில்.

ஆணைக்குழு அனுப்பி முதன்முதலில் இரத்தான தீர்ப்பு ஒரு குடியேறியின் தீர்ப்பு. மஹ்மூட் மத்தான் சோமாலியக் கப்பல் தொழிலாளி. கார்டிஃபில் ஒரு கடைக்காரப் பெண்ணைக் கொன்றதாக 1952 செப்டம்பர் 3இல் தூக்கிலிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அவருக்காக வாதாட வந்த சட்டத்தரணியே ஜூரிமார் முன்னால் அவரை அரைகுறை நாகரிகம் கொண்ட காட்டுமிராண்டி என்ற பொருள்பட வர்ணித்தார். முக்கிய சாட்சி முதலில் அடையாளம் சொன்னது வேறொருவரை என்பது மறைக்கப்பட்டது. 1998 பெப்ரவரியில், 45 வருடத்துக்கு மேல் கழித்து, தீர்ப்பு இரத்தானது. பொலிஸ் மன்னிப்புக் கேட்டதோ 2022இல். அப்போது மனைவியும் இல்லை, மூன்று பிள்ளைகளும் இல்லை.

நம்மவர் கவனிக்கவேண்டிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. கள்ளப் பாஸ்போட்டில் வந்த அகதிகள் பலர் கோட்டில் "குற்றவாளிதான்" என்று ஒப்புக்கொண்டு மறியலுக்குப் போனார்கள். உயிருக்குப் பயந்து வந்து, தாமதியாமல் அதிகாரிகளிடம் போய், தக்க காரணம் காட்டியவரை அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைத் தந்தது. ஆனால் சட்டத்தரணிமார் பலர் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட பல வழக்குகளை ஆணைக்குழு மீண்டும் நீதிமன்றங்களுக்கு அனுப்ப, தண்டனைகள் இரத்தாகின. ஒப்புக்கொண்டாயிற்றே, இனி என்ன செய்யிறது என்று இருந்தவர்களுக்கும் வழி கிடைத்தது.

ஆணைக்குழு தானே தீர்ப்பை மாற்றாது. நீதிமன்றம் மாற்றக்கூடும் என்ற உண்மையான சாத்தியம் தெரிந்தால்தான் அனுப்பும். நூறு பேர் மனுப் போட்டால் இரண்டு மூன்று பேருடையதுதான் அப்படிப் போகிறது. அதுவும் பிழைவிடும். அன்ட்ரூ மல்கின்சன் செய்யாத குற்றத்துக்காகப் 17 வருடம் சிறையில் கிடந்தார். அவருடைய மனுவை ஆணைக்குழு இருமுறை தட்டிக்கழித்தது. 2023இல் டி.என்.ஏ. சான்றால் அவர் நிரபராதியானார். 2024இல் ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. காவலுக்கு வைத்தவனும் நித்திரை கொள்வான், நாம்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

ஆனாலும் கதவு இருக்கிறது. மனுப்போடக் காசு இல்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை. இறந்தவருக்காக உறவினரும் போடலாம். ஆகவே உறவுகளே, உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ இப்படியொரு பழைய தண்டனை இருந்தால் கோட்டுக் கடிதங்களை எறிந்துவிடாதீர்கள். பத்திரமாக எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து வாசிப்போம்.