செறிபாத்திக் காய்கறித் தோட்டம்: சான்பாடாவும் மும்பையும்

செறிபாத்தித் தோட்டம் என்பது, நான்கடி அகலத்துக்கு மேற்படாத சிறு பாத்திகளில் உரமேற்றிய பொலபொலப்பான மண்ணை நிரப்பி, அம்மண்ணை ஒருபோதும் காலால் மிதியாமல் ஓரத்தில் நின்றபடியே கை எட்டும் தூரத்துக்குள் எல்லா வேலைகளையும் செய்து, வரிசைகளுக்கிடையே நடைவழி விடாமல் ஒரு செடியின் இலை அடுத்த செடியின் இலையைத் தொடுமளவு நெருக்கமாக நட்டு, ஒரு பயிர் எடுத்த இடத்தில் காலம் தாழ்த்தாமல் மறுபயிர் வைத்து, வீட்டுச் சமையலுக்கு வேண்டிய காய்களையும் கீரைகளையும் விளைவித்துக்கொள்ளும் முறையாகும். நிலம் குறைவாகவும் ஜனத்தொகை மிகுதியாகவும் உள்ள நகரங்களிலேயே இம்முறை பிறந்தது, அங்கேயே அபிவிருத்தியும் அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள், வண்டிக் குதிரைகளின் லாயங்களிலிருந்து அளவின்றிக் கிடைத்த சாணத்தை அடி கணக்கில் பரப்பி, அந்த வெப்பத்தில் குளிர்காலத்திலும் காய்கறி விளைவித்தார்கள். அவர்களுடைய திறமையை ருஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின் 1899இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். தோட்டக்கலைஞர் ஆலன் சாட்விக் 1967இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் அதே மரபைத் தொடர்ந்தார். ஜான் ஜீவன்ஸ் 1974இல் அதை நூலாக்கினார். ஓய்வுபெற்ற பொறியாளரான மெல் பார்தலோமியு 1981இல், நான்கடிக்கு நான்கடிப் பெட்டியைப் பதினாறு ஒற்றையடிக் கட்டங்களாக வகுத்து, எந்தக் கட்டத்தில் எத்தனை செடி என்று கணக்கும் வகுத்துத் தந்தார்.

நம் தேசத்தில் வீட்டுத் தோட்டம் புதிதன்று. புழக்கடையில் பாத்திரம் கழுவும் நீர் பாயுமிடத்தில் வாழையும் சேம்பும் வைப்பது எந்தச் சாஸ்திரமும் சொல்லித் தந்து வந்த வழக்கமல்ல. 1965இல் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, டில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டு நாட்டுக்கு முன்மாதிரி காட்டினார். எனினும் அடுக்குமாடிக் குடியிருப்பில் புழக்கடைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை கண்டவர்கள் பிற்காலத்தவர்கள். அவர்களில் முக்கியமான சிலர் மும்பையிலும் மகாராஷ்டிரத்திலும் தோன்றினார்கள்.

தானே கடற்கழியின் கீழ்க்கரையில், ஹார்பர் ரயில் பாதையில் வாஷிக்கும் ஜூயிநகருக்கும் இடையே உள்ளது சான்பாடா. 1970இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் நவி மும்பையை உருவாக்கியபோது, ஆக்ரி, கோளி மக்களின் பழைய கிராமத்தைச் சுற்றியிருந்த தாழ்ந்த உவர்நிலத்தை மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கி, எண்ணிட்ட செக்டர்களாகப் பிரித்தது. 1992இல் கடற்கழியைக் கடந்து ரயில் வந்த பின்னர், மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்தப் பக்கம் குடிபெயர்ந்தன. இவ்வூரின் தரைமண் காய்கறிக்கு உகந்ததன்று. மேலே முரும் என்னும் சரளைமண்ணும் கட்டட இடிபாடும், கீழே உப்பேறிய களியுமாக இருக்கும் நிலத்தில் கொத்து இறங்குவதே கடினம். இறங்கினாலும் வேர் இறங்காது. ஆதலால் இங்கு தரைத்தளவாசியும் மொட்டைமாடிக்காரரைப் போலவே மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து மேட்டுப்பாத்தி கட்ட வேண்டியவராகிறார். ஒரு வகையில் இது சௌகரியமும்கூட, ஏனெனில் கெட்ட மண்ணைத் திருத்துவதைக் காட்டிலும் நல்ல மண்ணைப் புதிதாகச் செய்வது எளிது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மும்பை மாநகரம் முழுவதற்கும் காய்கறி வழங்கும் மொத்தச் சந்தை, சான்பாடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாஷி–துர்பே எல்லையில் இருக்கிறது. விடியுமுன் நாசிக்கிலிருந்தும் புணேயிலிருந்தும் லாரிகள் வந்து இறங்கும் இவ்விடத்தில், பணத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பாத்தி கட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. மண், உரம், பெட்டி ஆகியவற்றின் செலவைச் சேர்த்துப் பார்த்தால் முதல் வருஷத்துத் தக்காளி சந்தைத் தக்காளியைவிட விலை கூடியதாகவே இருக்கும். பிரயோஜனம் வேறிடத்தில் இருக்கிறது. மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, தூதுவளை, பிரண்டை முதலியவை அந்த லாரிகளில் வருவதில்லை. மாதுங்கா நிலையத்தருகேயுள்ள கடைவீதியில் வாழைப்பூவும் வாழையிலையும் சாம்பார் வெங்காயமும் வாங்கிவிடலாம். ஆனால் பறித்த மாலைக்குள் வாடிப்போகும் கீரை, அங்கிருந்து ரயிலேறிச் சான்பாடா வந்து சேர்வதற்குள் பாதி உயிரை இழந்துவிடும். சிறுபாத்திக்கு உரிய பயிர் எது என்பதை நிர்ணயிக்க இதுவே தக்க அளவுகோல்: எது சந்தையில் கிடைக்காதோ, எது பறித்த ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பேற வேண்டுமோ, அதற்கே முதலிடம். உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் நான்கடிப் பாத்தியில் இடம்பிடிப்பது வீண் பிரயத்தனம்.

நெருக்கமாக நடுவதே இம்முறையின் ரகசியம் என்று புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார்கள். நெருக்கம் என்பது விளைவேயன்றிக் காரணமன்று; பதினாறு முள்ளங்கி ஒரு சதுர அடியில் பருப்பதற்கு, அந்தச் சதுர அடியின் மண் பதினாறு வேர்களுக்கும் ஆகாரம் தரவல்லதாக இருந்தாக வேண்டும், இல்லையேல் கிடைப்பவை பதினாறு நூல்களே. இந்த மண்ணாக்கும் கலையில் மகாராஷ்டிரத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. கோலாப்பூரைச் சேர்ந்த கணித அறிஞர் ஸ்ரீபாத் தபோல்கர், ‘பிரயோக் பரிவார்’ என்னும் பெயரில் விவசாயிகளைப் பரிசோதகர்களாக்கி, பத்துக் குண்டா, அதாவது கால் ஏக்கர் நிலமே ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்குப் போதும் என்ற கொள்கையை நிலைநாட்ட முயன்றார். அவருடைய அனுபவங்களைத் தொகுத்த ஆங்கில நூல் 1998இல் வெளியாயிற்று. அவர் வழியில் வந்தவர்கள் ‘அமிருத் மிட்டி’ என வழங்கும் மண்ணைச் செய்யும் விதம் வருமாறு. ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், 50 கிராம் வெல்லம் ஆகியவற்றைப் பத்து லிட்டர் நீரில் கரைத்து, நாள்தோறும் கலக்கி மூன்று நாள் வைத்திருந்து, பிறகு அதைப் பத்து மடங்கு நீர் விட்டு நீர்க்கச் செய்கிறார்கள். உலர்ந்த இலைச்சருகை இக்கரைசலில் ஊறவைத்து, சருகு ஓர் அடுக்கு, மேல்மண் மெல்லிய ஓர் அடுக்கு என்று ஓரடி உயரத்துக்குக் குவித்து, வாரந்தோறும் புரட்டி ஈரம் காக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அக்குவியலின்மீதே தானியம், பயறு, எண்ணெய்வித்து, மசாலா, கீரை என்று பலவகை விதைகளைக் கலந்து தூவி, முளைத்து வளர்ந்ததை இருபத்தொரு நாள், நாற்பத்திரண்டு நாள், அறுபத்து மூன்று நாள் என்ற பருவங்களில் கிள்ளியும் வெட்டியும் அதே மண்ணுக்கு மூடாக்காகச் சேர்த்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் பலதானிய விதைப்பு என்று செய்துவருவதும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். முழு மண்ணும் தேறுவதற்கு நான்கைந்து மாதம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் நர்சரியில் செம்மண்ணும் மண்புழு உரமும் வாங்கிக் கலந்துகொள்ளலாம், அதுவும் தவறில்லை.

இந்த முறை நகரத்து மாடியில் செல்லுபடியாகும் என்பதை மும்பைத் துறைமுகத்தின் மத்தியச் சமையற்கூடம் காட்டிற்று. அங்கு உணவுப்பிரிவு அதிகாரியாக இருந்த பிரீதி பாட்டீல், 2002 அளவில், ஆயிரக்கணக்கான தொழிலாளருக்குச் சமைத்தபின் மிஞ்சும் காய்கறிக் கழிவை அந்தக் கட்டடத்தின் மாடியிலேயே மண்ணாக்கிக் கீரையும் காயும் பழமரங்களும் வளர்த்தார். அதற்கும் முன்பே பாந்த்ராவில் பொருளாதார அறிஞர் ஆர். டி. தோஷி, கரும்புச் சக்கையை அடியில் அடைத்து மேலே சிறிதளவே மண் போட்டுப் பைகளிலும் பீப்பாய்களிலும் பயிரிடும் வழியைப் பரப்பிவந்தார். தாராவியை ஒட்டி, மாஹிம் கழிமுகத்தருகே, மாநகரக் குப்பை மலையாகக் கிடந்த இடம் 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டதையும் இவ்வரிசையில் சொல்ல வேண்டும். குப்பைமேட்டில் வனம் வளருமாயின் பால்கனியில் பசலை வளராதா என்ன.

மாடியில் பாத்தி கட்டுவோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நீர் குடித்த தோட்டமண் அரையடி உயரத்துக்கு இருந்தால், ஒரு சதுர மீட்டரில் அதன் பாரம் ஏறத்தாழ 250 கிலோவாகும். நடமாட்டமுள்ள மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் கொள்ளும் பாரமோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். ஆகவே மண்ணில் பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவும் மட்கும் கலந்து பாரத்தைக் குறைப்பதும், பாத்திகளை நட்டநடுவில் வைக்காமல் உத்தரமும் தூணும் உள்ள ஓரங்களில் வைப்பதும், செங்கல்மேல் தூக்கிவைத்து அடியில் காற்றும் நீரும் போக வழிசெய்வதும் அவசியம். பார்தலோமியு சொன்ன பீட் பாசியும் வெர்மிகுலைட்டும் நமக்கு வேண்டியதில்லை. பொள்ளாச்சித் தென்னைநார்க் கழிவு எந்த நர்சரியிலும் கட்டிகளாகக் கிடைக்கிறது, உப்புப் போக இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டால் போதும். பாத்திக்குப் பெட்டி தேடுவோருக்குத் தாராவியின் பதின்மூன்றாவது காம்பவுண்டில் கழுவி விற்கப்படும் நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் வசதியானது. நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அடியில் விரல் பருமனில் துளைகளிட்டால், ஒரு டிரம் இரண்டு தொட்டிப் பாத்திகளாகும். இரசாயனம் அடைத்திருந்த டிரம்மை விலை மலிவு கருதி வாங்கலாகாது. சட்டி வேண்டுவோருக்கு அங்கேயே கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள் இருக்கிறார்கள்.

செறிநடவுக்கு மும்பையில் பழகிய உதாரணம் சமுத்ர மேத்தி. கடலோர மணலில் வெந்தயத்தை இடைவெளியின்றித் தூவி, இரண்டு மூன்று அங்குலம் எழும்பியதும், பத்துப் பன்னிரண்டு நாளில், வேரோடு பிடுங்கிச் சிறுசிறு கட்டுகளாக விற்கிறார்கள். வேரில் ஒட்டிய மணல் போக நாலைந்து முறை அலசியே சமைக்க வேண்டும். சமையலறை டப்பாவிலுள்ள வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து, பாத்தியின் மேல்மண்ணில் விதையோடு விதை படும்படி பரப்பி, அரை விரற்கடை மண் தூவி, பூவாளியால் நனைத்துவந்தால், இதே கீரை எந்த ஜன்னலோரத்திலும் வரும். முதற்பயிராக இதைக் காட்டிலும் உசிதமானது கிடையாது. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கத் தயாராகும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வெண்டை, கத்தரி, மிளகாய் முதலியவற்றில் ஒற்றையடிக் கட்டத்துக்கு ஒன்று என்று பார்தலோமியு கணக்கை வைத்துக்கொள்ளலாம், எனினும் நம் நாட்டுக் கத்தரி கை வீசி வளர்வதாகையால் அதற்கு ஒன்றரை அடி கொடுப்பதே நலம். அதன் காலடி நிழலில் கொத்துமல்லி வரும்.

ஹார்பர் ரயிலில் போவோர் இருப்புப்பாதை ஓரமாகப் பச்சைப்பசேல் என்று நீண்டு கிடக்கும் கீரைப் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். உணவு உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தின்கீழ் ரயில்வே தன் வெற்றுநிலத்தை ஊழியர்களுக்குக் குத்தகைக்கு விட்டதன் விளைவு அது. பாலக்கும் முள்ளங்கியும் வெண்டையும் அங்கு செழிப்பாக விளைந்துவந்தன. அவற்றுக்குப் பாய்ந்தது பல இடங்களில் சாக்கடை கலந்த நாலா நீர் என்பது நெடுநாளாக எழுந்துவந்த ஆட்சேபம். வீட்டுப் பாத்தி இவ்விஷயத்தில் கொடுத்துவைத்தது: நவி மும்பை மாநகராட்சிக்கு மோர்பே அணை சொந்தமாக இருப்பதால், குழாயில் வரும் நல்ல நீரில் ஒரு பூவாளி எடுத்துக்கொள்வது இவ்வூரில் பெரிய அபகாரமாகாது. பூச்சிகளுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலும், புறாக்களுக்கு வலையும், மழைக்காலத்தில் சுவரேறி வரும் ஆப்பிரிக்க நத்தைகளுக்கு டார்ச் விளக்கும் கையுறையும் வேண்டும்.

தமிழர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பருவ விஷயத்தில். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் பிரதேசத்துக்கு உரியது. அதை அப்படியே சான்பாடாவுக்குக் கொண்டுவந்தால் ஆடி மாதமே மழையின் உச்சமாக இருக்கும். மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஜூலையில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, அது சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல்; 2005 ஜூலை 26ஆம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிற்று. அத்தகைய மழையில் விதைத்த தக்காளியும் மிளகாயும் நாற்றழுகலில் சாய்ந்துவிடும், இட்ட உரம் துளைவழியே ஓடிவிடும். கொங்கணத்தார் சம்பிரதாயம் இதற்கு ஏற்றது: முதல் மழைக்குச் சற்று முன்பே பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி விதைகளை ஊன்றிப் பந்தலேற்றிவிட்டு, பாத்தியின் மற்ற பகுதியைச் சருகால் மூடி, ஈரமான மூலையில் சேம்பு வைத்துவிடுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்தி கழிந்து மழை தணியும்போது கூரைக்கடியில் நாற்றுவிட்டு, அக்டோபர் வெயில் அடங்கியதும் நட்டால், கார்த்திகை முதல் மாசி வரை தக்காளி, கோசு, கேரட், கீரை அனைத்தும் செழிக்கும். பங்குனி முதல் கொத்தவரையும் வெண்டையும் தண்டுக்கீரையும் வெயில் தாங்கும்.

ஆடிப்பட்டத்தை விட மனமில்லாதவருக்குக் கொடியவரை இருக்கிறது. பழைய நாட்டு ரகம் பூப்பது மழையைப் பொறுத்ததன்று, பகல்பொழுது குறுகுவதைப் பொறுத்தது. ஆதலால் ஊரிலிருந்து கொண்டுவந்த விதையை ஆடியில் தாழ்வாரத்துச் சட்டியில் முளைக்கவிட்டு, நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் ஊன்றிக் கம்பியில் ஏற்றினால், மழை முடியும்வரை வெறும் கொடியாகப் படர்ந்திருந்து, தமிழ்நாட்டில் போலவே இங்கும் கார்த்திகையில் பூவெடுத்து மார்கழி, தை முழுவதும் காய்க்கும்.