விகாஷ் தோராசூ

விகாஷ் ராவ் தோராசூ (பிறப்பு: 10 ஒக்டோபர் 1973) பிரான்ஸ் நாட்டின் முன்னாள் உதைபந்தாட்ட வீரர். தடுப்பு வரிசைக்கும் தாக்குதல் வரிசைக்கும் நடுவே நின்று பந்தைப் பெற்று, பகிர்ந்து, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் மத்தியகள வீரராக விளையாடிய இவர், பிரான்சின் முன்னணிக் கழகங்கள் சிலவற்றிலும் இத்தாலியின் ஏசி மிலானிலும் இடம்பெற்றதோடு, பிரான்ஸ் தேசிய அணிக்காக 18 ஆட்டங்களில் பங்கேற்று ஒரு கோலும் அடித்துள்ளார்.

தோராசூ பிரான்சின் வடக்குக் கரையில், லு ஆவ்ர் துறைமுக நகரை அடுத்துள்ள ஆர்ஃப்ளரில், மொரிசியஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். கரும்புத் தோட்டங்களில் வேலைசெய்வதற்காக 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளராக மொரிசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழிவந்தது அக்குடும்பம். முன்னோர் ஆந்திரக் கரையோரத்துத் தெலுங்கு மக்கள் என்பதே பெரும்பாலான குறிப்புகளில் காணப்படும் செய்தி. உலகக் கிண்ண இறுதிச்சுற்றில் ஆடிய முதலாவது இந்திய வம்சாவளி வீரர் இவரே என்று பலர் எழுதியுள்ளனர். எனினும், கரிபியன், சுரினாம் போன்ற இடங்களில் தோன்றிய கலப்பு மரபினரையும் அவ்வம்சாவளிக்குள் சேர்ப்பதா இல்லையா என்பதைப் பொறுத்து அக்கூற்று மாறக்கூடும்.

பிரான்சின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகமாகக் கருதப்படும் லு ஆவ்ரில் பயிற்சி பெற்று, 1993 முதல் 1998 வரை அதன் முதல் அணியில் தோராசூ விளையாடினார்.

1998 இல் ஒலிம்பிக் லியோன் கழகத்தில் இணைந்த இவர், 2001 இல் அதனுடன் பிரான்ஸ் லீக் கிண்ணத்தை வென்றார். அடுத்த பருவத்தில் இரவலாக, அதாவது சொந்தக் கழகத்துடனான ஒப்பந்தம் நீடிக்க, குறித்த காலத்துக்கு மட்டும் வேறொரு கழகத்துக்கு ஆடும் முறையில், போர்தோவுக்கு அனுப்பப்பட்டு அங்கும் அதே கிண்ணத்தைக் கைப்பற்றினார். ஆனால் லியோன் தன் வரலாற்றில் முதன்முறையாக முதலாம் பிரிவுச் சம்பியனானது இவர் அங்கில்லாத அந்த 2001–02 பருவத்தில்தான். திரும்பி வந்த பின்னர் 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் சம்பியன் பட்டம் பெற்ற அணியில் இவர் இருந்தார். பிற்கால நிகழ்வுகளின் நிழலில் இந்த ஆண்டுகள் குறைவாகவே பேசப்படுகின்றன.

2004 இல் கார்லோ அன்செலோட்டி பயிற்றுவித்த ஏசி மிலானுக்குச் சென்றபோது, பிர்லோ, கட்டுசோ, சீடோர்ஃப், காகா ஆகியோரைக் கொண்டிருந்த மத்தியகளத்தில் இவருக்குக் கிடைத்த வாய்ப்பு சொற்பமாகவே இருந்தது. 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில் மூன்று கோல்கள் முன்னிலையிலிருந்த மிலான், லிவர்பூலிடம் பெனால்டி உதைகளில் தோற்ற சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை, களமிறக்கப்படாத மாற்று வீரராக இருக்கையில் அமர்ந்தே பார்த்தார்.

பாரிஸ் சென் ஜேர்மன் கழகத்துக்கு மாறிய பின்னர் அமைந்த 2006 ஆம் ஆண்டே இவரைப்பற்றி மிக விரிவாகப் பதிவாகியுள்ள ஆண்டு. ஏப்ரல் 29 இல் நடந்த பிரான்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில், பரம எதிரியான மார்செய் அணிக்கெதிராக இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் தொலைவிலிருந்து இவர் அடித்த கோல், 2–1 என்ற வெற்றியை முடிவுசெய்தது. அதற்கு முந்திய ஒக்டோபரில் சைப்பிரசுக்கெதிராக, உலகக் கிண்ணத் தகுதியை உறுதிப்படுத்திய ஆட்டத்தில், தேசிய அணிக்கான தன் ஒரேயொரு கோலையும் இவர் அடித்திருந்தார். 1999 இல் முதன்முதலாகத் தேசிய அணியில் ஆடிப் பின்னர் நீண்டகாலம் ஒதுக்கப்பட்டிருந்த இவரை மீண்டும் அழைத்துக்கொண்ட பயிற்றுவிப்பாளர் ரேமொன் தொமனெக், ஜேர்மனியில் நடைபெற்ற உலகக் கிண்ணத்துக்கான குழாமிலும் சேர்த்தார்.

அங்கு ஜூன் 13 இல் ஸ்டுட்கார்ட்டில் சுவிட்சர்லாந்துக்கெதிராகவும், ஜூன் 18 இல் லைப்சிக்கில் தென்கொரியாவுக்கெதிராகவும் இறுதி நிமிடங்களில் மட்டும் களமிறக்கப்பட்டார். சமநிலையில் முடிந்த அவ்விரு ஆட்டங்களுக்குப் பின் ஒரு நிமிடமேனும் இவருக்கு வாய்க்கவில்லை. முந்திய ஆண்டு வரை மிலானில் இவருடன் ஆடிய பிர்லோவும் கட்டுசோவும் ஜூலை 9 அன்று பெர்லினில் இத்தாலிக்காக உலகக் கிண்ணத்தை வென்றபோது, தோற்ற பிரான்சின் பக்கத்தில் இவர் மீண்டும் மாற்று வீரராகவே இருந்தார்.

இத்தொடருக்குப் புறப்படுமுன், திரைப்பட இயக்குநரும் இசைக்கலைஞருமான ஃபிரெட் பூலே இவர் கையில் சூப்பர் 8 ஒளிப்படக்கருவியொன்றைக் கொடுத்திருந்தார். சூப்பர் 8 என்பது வீட்டுப் படங்களுக்கென 1965 இல் அறிமுகமான 8 மில்லிமீற்றர் படச்சுருள் முறை. ஏறத்தாழ 15 மீற்றர் நீளமுள்ள ஒரு சுருள் மூன்று நிமிடமளவில் ஓடித் தீர்ந்துவிடும் என்பதால், எதைப் படமெடுப்பது என்று ஒவ்வொரு முறையும் எண்ணித் துணிய வேண்டும். விடுதி அறை, பயணம், காத்திருப்பு என அணியின் உள்ளிருந்தே இவர் எடுத்த காட்சிகளைக் கொண்டு உருவான “சப்ஸ்டிடியூட்” என்ற ஆவணப்படம் 2007 இல் வெளியானது. ஆடும் வீரனைப் பற்றிய படங்கள் ஏராளம். ஆட அழைக்கப்படாதவனின் நாட்களை அவனே பதிவுசெய்த படம் மிக அரிது. அணியின் அந்தரங்கத்தை அது மீறியதாகச் சிலர் குறைகூறினர். வேறு சிலரோ உயர்மட்ட விளையாட்டின் தனிமையை நேர்மையாகக் காட்டிய ஆக்கமாக அதனைக் கொண்டனர்.

உலகக் கிண்ணம் முடிந்த 2006 ஒக்டோபரில், பயிற்றுவிப்பாளர் கி லாகோம்புடன் ஏற்பட்ட முரண்பாட்டையடுத்துப் பாரிஸ் கழகம் இவரைப் பணிநீக்கம் செய்தது. வீரர்களின் உரிமைகளை வரையறுக்கும் 1973 ஆம் ஆண்டுச் சாசனத்தின் பின்னர் பிரான்சில் இவ்வாறு நீக்கப்பட்ட முதல் வீரர் இவர் எனக் கூறப்படுகிறது. கழகம் ஒழுங்கீனத்தைக் காரணம் காட்டியது. பத்திரிகைக்கு வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனையே அது என்ற கருத்தும் நிலவுகிறது. 2007 இல் இத்தாலியின் லிவோர்னோ கழகத்துடன் ஒப்பந்தமானபோதும் போட்டி ஆட்டம் எதிலும் பங்கேற்காமலே விலகி, 2008 இல் ஓய்வை அறிவித்தார்.

ஓய்வின் பின் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் பங்கேற்ற இவர், வெற்றி ஒன்றையே குறியாகக் கொள்ளாத உதைபந்தாட்டத்தை வலியுறுத்தும் “தத்தான்” இயக்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 2020 இல் பாரிஸ் மாநகரத் தேர்தலில் இடதுசாரி அணியொன்றின் சார்பில் 18 ஆம் வட்டாரத்தில் போட்டியிட்டார்.