மாணவர் கருத்துகளை வாக்கால் வரிசைப்படுத்தல்

இணையவழிப் பாடம் படிப்பவர்கள் எழுதி அனுப்பும் ஐயங்கள், குறைகள், கோரிக்கைகளுக்கு உடன் படிப்பவர்களே வாக்களித்து, கூடுதல் வாக்கு விழுந்ததை மேலேற்றும் முறை. கருத்துக் கேட்பது பழைய வழக்கம்தான். பருவ முடிவில் நிரப்பித் தரும் படிவத்தில் எதை முதலில் கவனிப்பது என்பதை நிர்வாகம் தீர்மானிக்கும். இம்முறையில் அந்த வரிசையையும் மாணவர்களே இடுகிறார்கள். பேச்சு வழக்கில் இதையும் ‘லைக் போடுவது’ என்பார்கள். ஆனால் இந்த லைக்குக்குப் ‘பிடித்திருக்கிறது’ என்பது பொருளல்ல, ‘எனக்கும் இதே டவுட்’ என்பதே பொருள்.

இம்முறை கல்விக்கு வந்ததற்கு வகுப்பின் அளவே காரணம். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் முகங்களைப் பார்த்தே பாடம் எங்கே இடறியது என்று ஆசிரியர் கண்டுகொள்வார். 2011 இல் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் தங்கள் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு எம்ஐடியின் முதல் திறந்த இணையப் பாடமான மின்சுற்றுகள் பாடத்துக்குச் சேர்ந்தவர்கள் சுமார் 1,55,000 பேர். அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த ஆனந்த் அகர்வால். நூற்றில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் ஆயிரத்தைந்நூறு கேள்விகள் சேரும். அவற்றை ஒரு பேராசிரியர் படித்து முடிப்பதற்குள் பாடமே முடிந்துவிடும்.

தோற்றம்

கருவி முதலில் பள்ளிக்கூடத்துக்காகச் செய்யப்படவில்லை. கூகுள் நிறுவனத்தின் உள்ளரங்கப் பேச்சுகளில் கேள்வி நேரம் போதவில்லை. வேறு ஊர் அலுவலகத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மைக்கும் எட்டவில்லை. கேள்விகளை எழுதவும் அவற்றுக்கு வாக்களிக்கவும் ஊழியர்கள் ஒரு கருவி செய்தார்கள். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் ஓயாமல் கேள்வி கேட்கும் மீனின் பெயரால் அதற்கு ‘டோரி’ என்று பெயர். அது 2008 இல் ‘கூகுள் மாடரேட்டர்’ ஆகப் பொதுமக்களுக்கு வந்தது, 2015 இல் மூடப்பட்டது. இடையில் த்ரனும் நார்விக்கும் மாணவர் கேள்விகளைத் திரட்ட இதைப் பயன்படுத்தினார்கள். அதிக வாக்குப் பெற்ற கேள்விகளுக்கு வாரந்தோறும் காணொளியில் பதில் சொன்னார்கள்.

அரசியலுக்கும் கருவி போயிற்று. 2009 மார்ச்சில் வெள்ளை மாளிகை இதே கருவியைக் கொண்டு மக்களிடமிருந்து கேள்விகளைத் திரட்டியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கேள்விகள், சுமார் 36 லட்சம் வாக்குகள். பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், பல பிரிவுகளில் முன்னணிக்கு வந்தது கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் கேள்வி. ஒபாமா சிரித்துவிட்டு மறுத்தார். ஒருமித்து வாக்களிக்கும் சிறு கூட்டம் சிதறிக் கிடக்கும் பெருங்கூட்டத்தை எவ்வளவு எளிதாக முந்தும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி இது.

இன்று இந்த வசதி இல்லாத கற்பித்தல் மென்பொருள் அரிது. எட்எக்ஸ் பாடத்தளத்தின் கலந்துரையாடல் பகுதியில் ‘அதிக வாக்கு’ என்று வரிசையை மாற்றிக்கொள்ளலாம். 2012 இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் தொடங்கிய ஸ்லைடோ, நேரலை வகுப்பில் பெயர் சொல்லாமல் கேள்வி கேட்கவும் வாக்களிக்கவும் விடுகிறது. கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளான மூடுலில் இதற்கென்றே ஒரு செருகுநிரல் உண்டு. அதில் வாக்குக்குப் பெயர் ‘சூடு’. சூடு கூடிய கேள்வி மேலே வரும். மூடுலை 2002 இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் சிற்றலை வானொலி வழியாகப் பள்ளிப் பாடம் படித்து வளர்ந்தவர். தொலைவில் இருப்பவன் கேள்வி கேட்பது எப்படி என்ற சிக்கல் அவருக்குப் புத்தகத்தில் படித்தறிந்ததல்ல.

எண்ணும் கணக்கு

விழுந்த வாக்குகளைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. முதல் நாளில் எழுதிய கருத்துக்கு வாக்குச் சேர நாள் அதிகம். நேற்று எழுதியது எவ்வளவு முக்கியமானாலும் பின்தங்கும். சரி, ஆதரவு விழுக்காட்டைப் பார்க்கலாம் என்றால் வேறொரு கோளாறு: இரண்டே பேர் பார்த்து இருவரும் ஆதரித்தால் 100 விழுக்காடு, 50 பேர் பார்த்து 45 பேர் ஆதரித்தால் 90 விழுக்காடு. முன்னதை மேலே வைப்பது அபத்தம்.

இதற்கு விடை இணையத்துக்கு வெகுமுன்பே இருந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வின் வில்சன் 1927 இல் தந்த சூத்திரம், கிடைத்த சிறு மாதிரியைக் கொண்டு உண்மையான ஆதரவு குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடுகிறது. 95 விழுக்காட்டு நம்பகத்தில் மேற்சொன்ன இரண்டுக்கு இரண்டு 0.34 ஆகச் சுருங்கும்; ஐம்பதுக்கு நாற்பத்தைந்து 0.79 இல் நிற்கும். ரெட்டிட் தளம் 2009 இல் தன் ‘சிறந்தவை’ வரிசைக்கு இதை எடுத்துக்கொண்டது.

அதே ரெட்டிட்டின் ‘சூடானவை’ வரிசை வேறு வகை. அங்கே பதினொன்றாவது வாக்கிலிருந்து நூறாவது வரை சேர்ந்து தரும் எடையை முதல் பத்து வாக்குகளே தந்துவிடும். பன்னிரண்டரை மணி நேரம் புதியதாக இருப்பது பத்து மடங்கு வாக்குக்குச் சமம். செய்திக்கு இது பொருந்தும், பாடத்துக்குப் பொருந்தாது. மூன்றாம் வாரப் பாடத்தில் எழும் ஐயம், அடுத்த ஆண்டு அதைப் படிப்பவருக்கும் அதே இடத்தில்தான் எழும். எனவே கருத்தை நாளோடு கட்டாமல் காணொளியின் நிமிடத்தோடு கட்டுவதே பாடம் தயாரிப்பவருக்கு உதவும். ‘ஒளியியல் புரியவில்லை’ என்பதற்கு விழும் 300 வாக்குகளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. ‘பதினான்காவது நிமிடத்தில் குறி ஏன் மாறுகிறது?’ என்பதற்கு 30 விழுந்தாலே எந்த இடத்தை மறுபதிவு செய்வது என்று தெரிந்துவிடும்.

அமரவிளையிலிருந்து பார்த்தால்

இந்த வாக்கு முறையை ஒரு மொழி எல்லையில் வைத்துப் பார்க்கலாம். அமரவிளை திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலையில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள கேரள ஊர். வழிப்போக்கர்களுக்கு அதன் சோதனைச்சாவடி தெரியும். பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கடைத்தெருவில் இரண்டும் கலந்தது என்பது இந்த எல்லைப்பகுதிக்குப் புதிதல்ல.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடக்க, 2020 ஜூன் 1 அன்று கேரளம் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. அரசின் கைட் நிறுவனம், 2005 இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி வழியே அரைமணிப் பாடங்களாக ஒளிபரப்பியது. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. சில கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு அரசுகளின் இரண்டு பாடங்களைப் பார்த்தார்கள். தொலைக்காட்சியோ கைப்பேசியோ இல்லாத மாணவர்கள் கேரளத்தில் 2.61 லட்சம் பேர் என்று தொடக்கத்தில் கணக்கெடுக்கப்பட்டது. முதல் வாரப் பாடங்கள் அவர்களுக்காகவே மறுபடி ஒளிபரப்பாயின. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கான வகுப்புகள் தனியே தயாராகி யூடியூபில் ஏறின.

தொலைக்காட்சிக்குக் கைதூக்க முடியாது. ஐயங்கள் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. பொதுவெளியில் விழுந்த லைக்குகளும் கிண்டல்களும் வேறு வழியில் வந்தன. முதல் நாள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை தங்கு, மிட்டு என்ற இரண்டு பூனைகளின் கதையை ஆடிப்பாடிச் சொன்னார். கேரளம் முழுவதும் அதைப் பார்த்தது. முதலில் கேலி செய்தவர்களும் பிறகு கொண்டாடியவர்களும் பெரியவர்களே. பாடம் யாருக்கானதோ அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே வாக்கே இல்லை. வாக்கால் வரிசைப்படுத்தும் எந்த முறையிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வாக்காளர் யார் என்பது. பாடத்தை முடித்தவரா, பாதியில் விட்டவரா, போகிறபோக்கில் பார்த்தவரா? பாதியில் விட்டவரின் கருத்துதான் பாடத்துக்கு அதிகம் பயன்படும். அவரோ வாக்களிக்க இருக்கமாட்டார்.

இரண்டாவது கேள்வி எண்ணிக்கை பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம், மாநிலத்தில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு. மாநிலம் முழுவதற்குமான ஒரு பாடத்தில் ஆயிரம் பேர் வாக்களித்தால் தமிழர் பதினைந்து பேர் இருக்கலாம். ‘கலைச்சொல்லைத் தமிழிலும் காட்டுங்கள்’ என்று அந்தப் பதினைந்து பேரும் ஒருவர் விடாமல் வாக்களித்தாலும், ‘வேகமாகப் பேசுகிறார்’ என்ற குறைக்கு விழும் நானூறின் கீழே அது புதைந்துவிடும். வேகத்தைக் குறைக்க மாணவர் கையிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. சொல்லைத் தமிழாக்க இல்லை. பெரும்பான்மைக்குச் சிறு தொந்தரவும் சிறுபான்மைக்குப் பெருந்தடையும் ஒரே தராசில் ஏறும்போது முன்னதுதான் எப்போதும் கனக்கும். வாக்கு தலைகளை எண்ணும், வலியின் அளவை எண்ணாது.

இன்னொன்று எழுத்து பற்றியது. ஒரே ஐயத்தை ஒரு மாணவர் மலையாளத்தில் எழுதுவார், இன்னொருவர் தமிழில், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தமிழை. எந்திரத்துக்கு அவை மூன்று கருத்துகள், வாக்கு மூன்றாகப் பிரியும். அவற்றை ஒன்றாக்க ஒரு ஆள் வேண்டும், அவருக்கு மூன்றும் படிக்கத் தெரிய வேண்டும். எல்லையோர ஆசிரியர்கள் பலருக்கு இது இயல்பாக வரும் வேலை.

எண்ணிக்கை ஏமாற்றும் இடங்கள்

1785 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோந்தோர்சே நிறுவிய தேற்றம் வாக்குக்குப் பெரும் பலம்: ஒவ்வொருவரும் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பில் சரியாகத் தீர்ப்பவராகவும் தனித்தனியே தீர்ப்பவராகவும் இருந்தால், கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை சரியாக இருப்பதும் உறுதிப்படும். ‘தனித்தனியே’ என்ற நிபந்தனையைத்தான் இணையம் உடைக்கிறது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில் 14,341 பேருக்கு 48 பாடல்கள் தரப்பட்டன. பிறர் எத்தனை முறை இறக்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டிய குழுக்களில் வெற்றிப் பாடல் குழுவுக்குக் குழு மாறியது. 2013 இல் முச்னிக், ஆரல், டெய்லர் ஒரு செய்தித் தளத்தின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளில் சிலவற்றுக்குத் தாங்களே ஒரு பொய் ஆதரவு வாக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஒற்றை வாக்கால் இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பொய் எதிர்வாக்கைப் பின்வந்தவர்கள் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள்.

இணைய வகுப்பில் இதன் விளைவு நேரடியானது. காலையிலேயே பாடம் பார்க்கிறவர் போடும் வாக்கு மேலே ஏறிக்கொள்கிறது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும் என்ற நிலையில் இருப்பவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே முடிவான பட்டியல். முதல் ஓரிரு நாட்கள் எண்ணிக்கையை மறைத்து, கருத்துகளைக் கலைத்துப்போட்டுக் காட்டுவது இதற்கு எளிய மாற்று.

பாடத்தைத் திருத்துவது

வந்த கருத்துகளை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பிழைக்கு வாக்குத் தேவையே இல்லை. விடையில் கழித்தல் குறி விட்டுப்போனதை ஒரே ஒரு மாணவி கண்டுபிடித்தாலும் அவள் சொன்னது சரி. 900 பேர் கவனிக்கவில்லை என்பதால் பிழை சரியாகிவிடாது. ஐயங்களுக்குத்தான் வாக்கு மிகப் பொருந்தும்: எங்கே பலர் இடறினார்கள் என்பதை அதைவிட விரைவாகக் காட்டும் வழி வேறில்லை. கோரிக்கைகளில் வாக்கை ஆலோசனையாக மட்டுமே கொள்ளலாம். தேர்வை எளிதாக்குங்கள் என்பது எந்த வகுப்பிலும் முதலிடம் பெறும், அதற்கு வாக்கெடுப்பு வேண்டியதில்லை.

மொழிச் சிறுபான்மையினருக்கு அரசமைப்புச் சட்டம் எண்ணிக்கைப் போட்டியை வைக்கவில்லை. 1956 இல் சேர்ந்த 350அ பிரிவு, அவர்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியில் கடிதம் எழுத இடம் தருகிறது. பாட மேடையில் இதற்கு ஒப்பானது தனி வரிசை: பயிற்றுமொழி, வகுப்பு, பார்க்கும் கருவி என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவின் முதல் மூன்று கருத்துகளையும் ஆசிரியர் மேசைக்குக் கொண்டுவருவது. பதினைந்து பேர் மட்டுமே உள்ள தமிழ்ப் பட்டியலில் எட்டு வாக்கு வாங்கிய கருத்து முதலிடத்தில் நிற்கும். மாநிலப் பட்டியலில் அதன் இடம் முன்னூறாவதாக இருந்தாலும் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.